மரக்குடிலின் எளிமை யாருக்கு வாய்க்கிறது?

மலைப்பகுதி விடுதிகளின் விளம்பரங்களில் அண்மைக் காலமாக ஒரு சொல் ஓயாமல் புழங்குகிறது: 'ரஸ்டிக்'. நாட்டுப்புறத் தன்மையது, மெருகிடப்படாதது, எளியது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், பஞ்சார் வட்டாரத்தைச் சேர்ந்த ஜீபி, ஷோஜா, தீர்த்தன் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களுக்குச் செல்வோர் இச்சொல்லின் உருவத்தைக் கண்ணெதிரே காண்கின்றனர். ஓடைக்கரையில் மரக் கேபின்கள். ஆங்கில 'ஏ' எழுத்தின் வடிவில் கூரையே தரைவரை இறங்கிச் சுவராகும் குடில்கள். தேவதாரு மரத்தைச் சுற்றிக் கட்டிய பரண் வீடுகள். சற்று மேலே புல்வெளியில் வரிசையாகக் கூடாரங்கள். மாலையில் விறகுத்தீ, இரவில் நகரத்து வானம் மறைத்துவிட்ட விண்மீன்கள். குளியலறையில் கீசரும் அறைக்கு அறை வைஃபையும் உண்டு என்பதை விளம்பரத்தின் கடைசி வரி உறுதிப்படுத்துகிறது.

இவ்வனுபவத்தைப் போலி என்று ஒதுக்கிவிடுவது எளிது. பல்கலைக்கழகத்து விமரிசனங்கள் பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகின்றன. நகரத்தார் கற்பனையான நாட்டுப்புறத்தை விலைகொடுத்து நுகர்கின்றனர் என்பது பழகிப்போன குற்றச்சாட்டு. அதில் உண்மை இருப்பினும் அது சிக்கலின் மேற்பரப்பையே தொடுகிறது. மரவீட்டில் தூங்குவதும் மலைப்புல்வெளியில் இரவு தங்குவதும் இமயத்தின் மக்களுக்குக் கற்பனையல்ல, நேற்றுவரையிலான நடைமுறை வாழ்க்கை. அந்த வாழ்க்கையின் ஒவ்வொரு கூறும் சட்டத்தாலோ விலையாலோ அவர்களிடமிருந்து விலகிச் சென்ற அதே காலத்தில், அதே கூறுகள் விருந்தினருக்குரிய சலுகைகளாக மாறியுள்ளன என்பதே கவனிக்க வேண்டிய செய்தி.

முதலில் மரத்தை எடுத்துக்கொள்ளலாம். குல்லுவின் பழைய வீடுகள் 'காட்குனி' என்னும் முறையில் அமைந்தவை. காட் என்றால் மரம், குனி என்றால் மூலை. நீண்ட தேவதாரு விட்டங்களை இணை இணையாகக் கிடத்தி, அவற்றுக்கிடையே கல்லை அடுக்கி, மேலே மீண்டும் விட்டம், மீண்டும் கல் என்று சுவர் எழுப்புவர். மூலைகளில் விட்டங்கள் ஒன்றையொன்று கவ்வும். சுண்ணாம்போ சிமென்டோ வேண்டுவதில்லை. கீழ்த்தளத்தில் ஆடுமாடு, நடுத்தளத்தில் தானியம், மேல்தளத்தில் மனிதர். அத்தளம் நாற்புறமும் சற்று வெளியே நீண்டு நிற்கும். மேலே கற்பலகைக் கூரை. மாடுகளின் உடற்சூடு மேலேறி வீட்டைக் கதகதப்பாக வைக்கும். நிலம் அதிரும்போது காரையற்ற கற்கள் சற்றே அசைந்து அதிர்வைத் தம்முள் வாங்கிக்கொள்ளும். மரம் அவற்றைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்ளும். 1905 ஏப்ரல் 4 அன்று ஏறத்தாழ 20,000 உயிர்களைப் பறித்த காங்ரா நிலநடுக்கத்தில், இம்முறையில் கட்டிய நக்கர் கோட்டை நின்றது. இன்று அது மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தங்கும் விடுதி.

இவ்வளவு அறிவு திரண்ட கட்டடமுறையை மக்கள் ஏன் கைவிட்டனர் என்பதற்குச் சுவைமாற்றத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு. சுவைமாற்றமும் ஓரளவு உண்மையே. கான்கிரீட் வீடு வசதியின் அடையாளமாகிவிட்டது. ஆனால் தேவதாரு எவருடைய மரம் என்பது அதற்கும் முற்பட்ட கேள்வி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேய அரசு காடுகளை எல்லையிட்டுத் தனதாக்கிக்கொண்டபோது, ஊர்மக்களின் பயன்பாடு பட்டியலிடப்பட்ட உரிமையாகச் சுருங்கியது. வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் சலுகை விலையில் மரம் பெறும் அந்த உரிமை இன்றும் இமாசலத்தில் 'டி.டி.' என்ற பெயரில் நீடிக்கிறது. விண்ணப்பம், பரிந்துரை, கால இடைவெளி, வனத்துறையின் இருப்பு ஆகியவற்றைக் கடந்து கிடைக்கும் மரம் ஒரு முழுக் காட்குனி வீட்டுக்குப் போதுவதில்லை. காடு அழிந்த பகுதிகளில் இக்கட்டுப்பாடு தேவையானதும்கூட; அதை மறுப்பதற்கில்லை. விளைவு என்னவெனில், ஊரார் செங்கல்லும் சிமென்டும் கம்பியும் கொண்டு கட்டுகின்றனர். வெளிச்சந்தையில் மரம் வாங்கும் பணமுள்ளவர் மரக் கேபின் கட்டுகிறார். அதில் தங்க வருபவர் சன்னல் வழியே பார்த்து, ஊரார் கான்கிரீட் பெட்டிகளைக் கட்டி மலையழகைக் கெடுத்துவிட்டனர் என்று வருந்துகிறார்.

அந்தக் கேபினும் காட்குனியின் வழித்தோன்றல் அன்று. ஏ வடிவக் குடில் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க விடுமுறை வீடுகளில் பரவிய பாணி. செங்குத்தான கூரை பனியை வழுக்கிவிடும் என்பது மெய்தான். ஆனால் மாட்டுக்கும் தானியத்துக்கும் அதில் இடமில்லை. ஒரு குடும்பம் ஓராண்டு முழுவதும் வாழ்வதற்கான கட்டடமே அல்ல அது. இரண்டு இரவுகளுக்கென்று வடிவமைக்கப்பட்டது. தமிழில் இவ்வகை அறைகளைக் 'குடில்' என்று பெயர்த்து விளம்பரம் செய்யும் வழக்கம் இதைவிடச் சுவையானது: துறவிக்கும் ஏழைக்கும் உரியதாயிருந்த சொல், ஓரிரவு வாடகையில் ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகையில் நல்ல பங்கை விழுங்கும் அறைக்குப் பெயராகியிருக்கிறது.

மரத்தைவிடப் புல்வெளியின் கதை கூர்மையானது. இமயத்தின் மொழிகளில் உயர்மலைப் புல்வெளிக்குப் பல பெயர்கள் உள்ளன. கட்வாலில் 'புக்யால்', காஷ்மீரில் 'மர்க்', குல்லுவில் 'தாச்', குமாவோன் முதல் நேபாளம்வரை 'கரக்'. குல்மர்க், சோன்மர்க், தயாரா புக்யால், பேத்னி புக்யால் என்று இச்சொற்கள் இடப்பெயர்களின் இறுதியில் நிலைத்துவிட்டதால், வெளியார் செவிக்கு அவை வெறும் பெயரசைகளாகவே ஒலிக்கின்றன. மேய்ப்பர் வாழ்வில் அவை நிலத்தோற்றத்தை மட்டும் குறித்தவையல்ல. தாச் என்றால் இடையர் மந்தையோடு தங்கிச் செல்லும் சமதளப் புல்வெளி. எந்த ஊரின் மந்தை எந்தத் தாச்சில் எந்த மாதத்தில் தங்கலாம் என்பது வழக்காற்றால் வரையறுக்கப்பட்டிருந்தது. சொல்லுக்குள்ளேயே ஓர் உரிமையும் ஒரு கால அட்டவணையும் இருந்தன. மலையேற்ற நிறுவனங்களின் பயணத் திட்டத்தில் அவ்விடங்கள் இப்போது 'கேம்ப்சைட்' ஆகியுள்ளன. பெயர்மாற்றத்தின் வழியே உரிமைமாற்றம் நிகழ்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைச் சமூகமொழியியல் வகுப்பறைகள் தேட வேண்டியதில்லை.

தீர்த்தன் பள்ளத்தாக்கில் இம்மாற்றம் ஆவணமாகவே கிடைக்கிறது. அப்பள்ளத்தாக்கின் மேற்பகுதி, 754.4 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பேரிமயத் தேசியப் பூங்காவுக்குள் அடங்குகிறது. 1984இல் தொடங்கிய அறிவிப்பு நடைமுறை 1999இல் முடிவுற்றது. 2014இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 1999 அறிவிப்புடன் ஆடு மேய்க்கவும் மருந்து மூலிகைகள் திரட்டவும் ஊரார்க்கிருந்த உரிமைகள் முடிவுக்கு வந்தன. இழப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் ஆண்டர்சன் என்னும் ஆங்கிலேய அதிகாரி வகுத்த காட்டுரிமைப் பட்டியல். அப்பட்டியலில் முன்னோர் பெயர் இடம்பெற்ற குடும்பங்களே இழந்தவர்களாக ஏற்கப்பட்டன. எழுத்தில் ஏறாமல் வழக்கத்தால் மட்டும் காட்டுக்குச் சென்று வந்தவர்கள் கணக்கில் வரவில்லை. நில உரிமையற்ற தலித் குடும்பங்களும் மூலிகை, காளான் திரட்டி வாழ்ந்த பெண்களும் இத்தகைய பட்டியல்களுக்கு வெளியே நிற்பது இந்தியக் காடுகளின் வரலாறு முழுவதிலும் காணக்கூடியது. இன்று அனுமதிச்சீட்டும் வழிகாட்டியும் உடைய மலையேறி அப்பூங்காவுக்குள் சென்று கூடாரமிட்டு இரவு தங்கலாம். மந்தையோடு சென்றவரின் பேரன் அவருக்குச் சுமை தூக்கிச் செல்லலாம்.

மேய்ச்சலைக் காதல்மயமாகப் பார்க்க வேண்டுவதில்லை. மந்தை பெருகினால் புல் கெடும் என்பது இடையருக்கும் தெரியும். ஆனால் மேய்ச்சல் கெடுதல், கூடாரம் கேடற்றது என்ற எளிய எதிர்நிலை எங்கும் மெய்ப்பிக்கப்படவில்லை. உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு 1982இல் தேசியப் பூங்காவாகி மேய்ச்சல் நிறுத்தப்பட்ட பின்னர், பாலிகோனம் என்னும் உயரமான செடி பெருகி மற்றப் பூச்செடிகளை நெருக்கத் தொடங்கியது. மேய்ச்சல் நின்றதுதான் காரணமா என்பதில் தாவரவியலாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அப்பள்ளத்தாக்கில் இரவு தங்க எவருக்கும் அனுமதியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயணியர் காங்கரியாவில் தங்கிப் பகலில் சென்று மாலையில் திரும்புகின்றனர். அதனால் அவர்களின் அனுபவம் குறைவுபட்டதாகத் தெரியவில்லை.

கூடாரத்தைப் பற்றி நீதிமன்றங்களும் பேசியுள்ளன. கங்கைக் கரையில் கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ்வரை கூடார முகாம்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் தடை விதித்தது. 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் ஒருபடி மேலே சென்று, புக்யால்களில் இரவு தங்குவதையே தடுத்து, நாளொன்றுக்கு வருவோரின் எண்ணிக்கையை 200 என வரையறுத்தது. இவ்வழக்கைத் தொடுத்தது நகரத்துச் சூழலியல் அமைப்பு அன்று. ஆலி, பேத்னி, பக்ஜி புக்யால்களின் பாதுகாப்புக்கென அப்பகுதியில் அமைந்த குழு. ஆனால் தீர்ப்பு வந்ததும் மிகுதியாக அடிபட்டவர்கள் அதே மலையூர்களின் வழிகாட்டிகள், கோவேறு கழுதைக்காரர், சமையல்காரர். பெருநிறுவனங்கள் தம் மலையேற்றங்களை அடுத்த மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். லோகாஜங்கின் வழிகாட்டி தம் மலையைத் தூக்கிக்கொண்டு செல்ல முடியாது. தடை தேவையா இல்லையா என்று மட்டும் வாதிடுவோர் இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர். ஒரே கூடாரத்தை ஊர்க்குழு நடத்துவதும் தொலைநகர நிறுவனம் நடத்துவதும் வெவ்வேறு செயல்கள். கழிப்புக்குழி எங்கே, எத்தனை பேர், எத்தனை நாள் இடைவெளி என்பதை முந்தியவர் தம் குடிநீர் ஊற்றை முன்வைத்தே முடிவு செய்வார்.

சுற்றுலாவே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பிழை. உத்தராகண்டின் இடப்பெயர்வு ஆணையம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2011க்குப் பிறகு மட்டும் 734 ஊர்கள் ஆளற்றுப்போயின. குல்லுவில் ஆப்பிள் தோட்டங்கள், குளிர்காலத்தின் குளிர் குறையக் குறைய, மேலும் மேலும் உயரத்துக்கு ஏறிச் செல்கின்றன. இந்நிலையில் வீட்டின் இரண்டு அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடும் குடும்பம் ஊரிலேயே தங்கிவிடுகிறது. இமாசல அரசு 2008இல் கொண்டுவந்த ஹோம்ஸ்டே திட்டத்தின் அடிப்படை இதுதான்: உரிமையாளர் அவ்வீட்டில் வாழ வேண்டும், அறைகளுக்கு வரம்பு உண்டு, விருந்தினர் ஒரு குடும்பத்தின் அன்றாடத்துக்குள் வந்து செல்வர். தமிழில் விருந்து என்பதற்குப் புதுமை என்றே பழைய பொருள். புதிதாய் வருபவரை ஏற்பதற்கு ஏற்கெனவே அங்கு வாழ்பவர் ஒருவர் வேண்டும். அவர் இல்லாத இடத்தில் நடப்பது வாடகை மட்டுமே.

அந்த ஒருவர் மறைந்துகொண்டிருக்கிறார். இமாசலத்தின் 1972ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, அம்மாநிலத்தில் உழவர் அல்லாதார் அரசின் அனுமதியின்றி நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. உத்தராகண்டும் நெடுங்காலத் தளர்வுகளுக்குப் பின் 2025இல் தன் நிலச்சட்டத்தை இறுக்கியது. ஆயினும் நடைமுறையில் அது ஓட்டையுள்ள வேலி. குத்தகை அவ்வேலியின் திட்டிவாசல். ஊராரின் பெயரில் நிலம் இருக்க, வெளியாரின் முதலீட்டில் கேபின்கள் எழுகின்றன. உரிமையாளர் காவலாளியாகவோ சமையற்காரராகவோ தம் நிலத்திலேயே சம்பளம் பெறுகிறார். விருந்தினரிடம் பேசும் மொழியும் அப்போது மாறிவிடுகிறது. குல்வி, மண்டியாலி, கட்வாலி, குமாவோனி ஆகியவற்றை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியின் கீழ் அடக்கிவிடுகிறது. கட்வாலியையும் குமாவோனியையும் யுனெஸ்கோ நலிவுக்குள்ளாகக்கூடியவை என்று பட்டியலிட்டுள்ளது. குடும்பம் நடத்தும் ஹோம்ஸ்டேயில் அடுப்படியிலிருந்து பாட்டியின் குல்வி கேட்கும். உணவின் பெயரும் பருவத்தின் பெயரும் அம்மொழியிலேயே விருந்தினரின் செவியில் விழும். கேபின் விடுதியில் வரவேற்பறை இந்தியும் உணவுப்பட்டியல் ஆங்கிலமும் எஞ்சுகின்றன. உள்ளூர் மொழி சுவரில் தொங்கும் பலகையில், விடுதியின் பெயராக மட்டும் வாழ்கிறது.

விடுதிகளின் தொலைவும் தனிமையும் விருந்தினருக்குக் கவர்ச்சி. அங்குப் பணிபுரியும் இளைஞருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அவையே ஆபத்து. 2022 செப்டம்பரில் ரிஷிகேஷை அடுத்த யம்கேஷ்வர் பகுதியில் ஒரு விடுதியின் 19 வயது வரவேற்பாளர் கொல்லப்பட்டார். விருந்தினருக்குச் 'சிறப்புச் சேவை' அளிக்க மறுத்ததே காரணம் என்பது வழக்கு; விடுதி உரிமையாளருக்கும் ஊழியர் இருவருக்கும் 2025 மே மாதம் ஆயுள் தண்டனை வழங்கப்பட்டது. அவ்விடம் காவல்துறையின் எல்லைக்குள் இல்லை என்பது அப்போதுதான் நாட்டுக்குத் தெரியவந்தது. ஆங்கிலேயர் காலத்தில், குற்றம் அரிதான மலையூர்களுக்கென உருவான வருவாய்க் காவல் முறையில், நிலக்கணக்கு எழுதும் பட்வாரியே அங்குக் காவல் அதிகாரியாக இருந்தார். அம்முறையை ஒழிக்குமாறு உயர் நீதிமன்றம் 2018இலேயே கூறியிருந்தும் அரசு அசையவில்லை. விடுதிகள் 21ஆம் நூற்றாண்டுக்குரியவை; அவற்றுக்குள் பணிபுரிந்த பெண்ணுக்குக் கிடைத்த பாதுகாப்பு 19ஆம் நூற்றாண்டுக்குரியது. ரஸ்டிக் என்ற சொல்லின் பொருளடக்கத்தில் இதுவும் சேர்ந்தே வருகிறது.

எங்குக் கட்டுவது என்பதும் பழைய அறிவின் ஒரு பகுதி. ஓடையின் கரை விருந்தினருக்கு இன்பம். மலைவாழ் மக்களோ ஓடையின் வண்டல் விசிறியை வயலுக்கு விட்டு, வீட்டைப் பாறைத்திட்டில் வைப்பதே பெரும்பாலான பழைய ஊர்களின் அமைப்பு. 2025 ஆகஸ்ட் 5 அன்று உத்தரகாசி மாவட்டத்துத் தராலியில் கீர் காட் ஓடை சேறும் பாறையுமாக இறங்கியபோது, விசிறி நிலத்தில் நெருங்கி நின்ற தங்குவிடுதிகளையும் ஹோம்ஸ்டேகளையும் சில நொடிகளில் மூடியது. ஹோம்ஸ்டே என்ற பெயரே காப்பாகிவிடாது என்பதற்கும் அதுவே சான்று.

இவ்வளவும் கல்விப்புலத்தாருக்குத் தொலைவான செய்திகள் அல்ல. துறைகளின் கோடைப் பள்ளிகளும் ஆய்வேடு எழுதும் முகாம்களும் இத்தகைய மலைவிடுதிகளை நாடிச் செல்கின்றன. பழங்குடி உரிமையும் அழியும் மொழிகளும் பேசப்படும் அமர்வுகள், அவ்வுரிமைகள் பறிபோன நிலத்தின் மேலேயே நடைபெறுவது அரிதன்று. இதற்குத் தனிமனித மனச்சாட்சியைக் கடிவதில் பயன் குறைவு, ஏனெனில் தேர்வு பெரும்பாலும் கணக்குப் பிரிவில் நிகழ்கிறது. நாற்பது பேரை ஒரே கூரையின்கீழ் தங்கவைக்கும் இடம், மூன்று விலைப்புள்ளிகள், ஜி.எஸ்.டி. எண்ணுடன் ரசீது என்று விதி கேட்கிறது. இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் குடும்பத்தின் வருவாய் ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பை எட்டுவதேயில்லை. அதனால் அது போட்டிக்குள்ளேயே நுழைய முடிவதில்லை.

மாற்று வழி கடினமானதன்று. நாற்பது பேரைப் பத்து வீடுகளில் தங்கவைக்கலாம். அமர்வுகளைப் பஞ்சாயத்துக் கட்டடத்திலோ விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளியிலோ வாடகை செலுத்தி நடத்தலாம். சமையலை ஊரின் மகளிர் குழுவிடம் ஒப்படைக்கலாம். ஹோம்ஸ்டேயின் அரசுப் பதிவுச் சான்றையே ஜி.எஸ்.டி. எண்ணுக்கு ஈடாக ஏற்கும்படி நிதிக் குழுக்கள் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். கருத்தரங்கு முன்மொழிவுடன், தங்குமிடத்தின் நிலம் யார் பெயரில் உள்ளது, உரிமையாளர் அங்கு வாழ்கிறாரா, கழிவுநீர் எங்குச் செல்கிறது, இரவுப் பணியில் யார் இருக்கிறார் என்னும் நான்கு விவரங்களையும் கேட்டுப் பெறலாம். களப்பணிக்கு முன் அறநெறிக் குழுவின் ஒப்புதலுக்கென்று பத்துப் பக்கப் படிவம் நிரப்பும் துறைகளுக்கு இந்த அரைப்பக்கம் பாரமாகாது. வரும் கோடைக்கான முன்மொழிவுகளிலேயே இதைத் தொடங்கலாம்.